மார்கழியில் பறந்த அக்கா

ரொறன்ரோவில் எனக்குத் தெரிந்த தமிழ்ச்சனத்தில், மார்கழி எப்போது வரும் என்று காத்திருந்த ஒரே ஆள் எங்கள் பக்கத்து வீட்டு அக்காதான். மற்றவர்கள் எல்லோரும் மார்கழி என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். பனிக்குள்ளிருந்து காரைத் தோண்டி எடுக்கவேண்டும், வாசலுக்கு உப்புப் போடவேண்டும், மூக்கு ஒழுகும், பின்னேரம் என்று ஒன்று இல்லாமலே இருட்டிவிடும். நானும் அந்தக் கட்சிதான். இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் குளிரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அக்கா மட்டும் கார்த்திகை பிறந்ததுமே நாள்காட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

காரணம் அவருடைய தொழில். அவர் பொம்பிளை வெளிக்கிடுத்துகிறவர். கூறை உடுத்தி, கொண்டை போட்டு, நகை பூட்டி, பூ வைத்து, மணப்பெண்ணை மண்டப வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிற வேலை. அஜின்கோர்ட்டில் எங்கள் வரிசை வீடுகளில் சனிக்கிழமை விடியமுன்னமே காரை ஸ்ரார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டால், அக்கா முகூர்த்தத்துக்குப் போகிறார் என்று அர்த்தம். தையிலிருந்து கார்த்திகை வரைக்கும் ஒரு சனி ஞாயிறும் அவருக்குச் சொந்தமில்லை. ஆடியில் கல்யாணம் இல்லையே என்று கேட்பீர்கள். ஆடியில் பள்ளிக்கூட விடுமுறை, அதனால் அரங்கேற்றங்கள். ஆடுகிற பிள்ளைகளுக்கும் அக்காதான் அலங்காரம். மிஞ்சுவது மார்கழி ஒன்று. அந்த மாதத்தில் எங்கள் சனம் நல்ல காரியம் ஒன்றும் வைக்காது. அக்கா தன்னுடைய நல்ல காரியத்தை அதில்தான் வைத்துக்கொண்டார். விமானம் ஓட்டுவார்.

விமானம் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைக்கவேண்டாம். ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு இருக்கை. மேலே ஒரு துணிச் சிறகு, முதுகுக்குப் பின்னால் ஒரு மோட்டர், பனியில் வழுக்கி இறங்குவதற்குக் கீழே சறுக்குப் பலகைகள். கண்ணாடியுமில்லை, கதவுமில்லை. இருக்கிறவரின் முழங்காலுக்கு அங்காலே நேரே வானம்தான். பிள்ளைகள் அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, "சும்மா ஒருக்கா ஏறிப் பாருங்கோ அம்மா" என்று ஒரு சவாரிக்கு ரிக்கற் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். இறங்கியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, இதை ஓட்டப் பழக்குவது யார் என்பதுதான். அந்தப் பிள்ளைகள் பிறகு தாய்க்குப் பிறந்தநாள் பரிசு வாங்கவே பயந்தார்கள்.

"மூடின பிளேனும் இருக்குத்தானே அக்கா, ஹீற்றரோடை?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"கண்ணாடிக்குள்ளாலை பாக்கிறதெண்டால் நான் வீட்டு யன்னலாலை பாப்பன்," என்றார்.

"அப்ப கோடையிலை ஒரு நாள் லீவு எடுத்துப் பறவுங்கோவன்."

"கோடையிலை காத்துக் குலுக்கும் பிள்ளை. குளிருக்குள்ளை காத்துப் பட்டுமாதிரி இருக்கும். மோட்டரும் நல்லாய் இழுக்கும்." பிறகு உண்மையான காரணத்தையும் சொன்னார். "மண்டபத்திலை எல்லாரும் என்னைப் பிடிச்சு இழுக்கிறது. அக்கா கொண்டை சரியோ, அக்கா பின் கழண்டுபோச்சு. மேலை போனால் ஒருத்தருக்கும் நான் எட்டன்."

அவருடைய கணவரைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். அமைதியான மனிதர், பக்டரி வேலை, தமிழ் வானொலி, வீட்டுப் பின்வளவில் தக்காளி. விமானத்தில் ஏறமாட்டார். "இந்த நாட்டுக்கு வர ஒருக்கா ஏறினது காணும்" என்பார். அவரோடு முன்பு வேலைசெய்த ஒருவர், வந்த புதிதில் கையுறை இல்லாமல் பஸ்ஸுக்கு நின்று இரண்டு விரல் நுனியைப் பறிகொடுத்தவர். குளிர் கடித்தால் தோல் முதலில் மெழுகாக வெளுக்கும், பிறகு அந்த இடத்தில் உணர்வே இராது என்பதை அவர் அந்த மனிதரின் கையில் பார்த்திருக்கிறார். அதனால் அக்கா அந்தப் பறவையை வாங்கப்போகிறேன் என்றதும், றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சந்நிதியில் நிறுத்தினார்.

"பறக்கிறதெண்டால் பறவும். உம்மை மறிக்க என்னாலை ஏலாது. ஆனால் குளிர் கடிச்சு ஒரு இடம் வெளுத்தாலும் அண்டைக்கே உந்தப் பிளேனை விக்கிறது. பிள்ளையாருக்கு முன்னாலை சொல்லும்."

"ஓம். ஒரு இடம் வெளுத்தாலும் விக்கிறது," என்று அக்கா கைகூப்பிச் சொன்னார். சொன்னால் சொன்னதுதான், அக்கா பிள்ளையாரோடு விளையாடுகிற ஆள் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை இறங்கியதும் சோதனை. விமானம் நின்றது நகரத்துக்கு வெளியே ஒரு வெள்ளைக்காரரின் சோள வயலில். அண்ணை அந்த வயல் ஓரத்தில் காரை நிறுத்தி, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். அக்கா வந்து ஏறிக் கையுறையைக் கழற்றி இரண்டு கையையும் நீட்டுவார். அண்ணை வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பவுண் வாங்க வந்தவர் மாதிரி ஒவ்வொரு விரலாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு மூக்கு நுனி, கன்னம், காது மடல். "சரி" என்று அவர் வாய் திறந்து சொன்னால்தான் விமானம் இன்னொரு கிழமை அக்காவுக்குச் சொந்தம்.

எனவே அக்காவுக்குக் குளிரை வெல்வது ஒரு வெறியாகிவிட்டது. முதல் வருடம் அவர் விட்ட பிழைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். மண்டபத்தில் சமைக்கிற ஒரு அம்மா, சொக்ஸுக்குள் மிளகாய்த்தூள் தூவினால் கால் சூடாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். வெறும் மிளகாய்த்தூளாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அக்கா தூவியது எங்கள் வீடுகளில் வறுத்து இடிக்கிற கறித்தூள். மல்லி, சீரகம், பெருஞ்சீரகம் எல்லாம் சேர்ந்தது. மேலே இருக்கும்வரை ஒன்றும் செய்யவில்லை. இறங்கிக் காருக்குள் ஏறி, ஹீற்றர் சூட்டில் கால் வேர்த்ததும் தூள் வேலையைத் தொடங்கியது. அக்கா துடித்துப் பதைத்துச் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலைப் பனிக்குள் வைக்கப் போக, அண்ணை பிடித்து இழுத்தார்.

"அங்கை வையாதையும், வெளுக்கும்."

"எரியுதப்பா."

"எரியட்டும். எரிஞ்சால் விக்கத் தேவையில்லை."

வழியில் ஒரு கடையில் தயிர் வாங்கிக் காலில் பூசிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். அந்தக் கார் பங்குனி வரைக்கும் கோழிக்கறி மணத்தது.

இன்னொரு முறை, உடம்பு சூடாக இருக்கட்டும் என்று வேர்க்கொம்புக் கோப்பியை வயிறு முட்டக் குடித்துவிட்டு ஏறினார். பிறகு நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் வயலில் இறங்கி, வெங்காயம் உரிக்கிற மாதிரி உடுப்பை ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டி வந்தது. அந்த வயலின் சொந்தக்காரர் யன்னலால் பார்த்துக் கையசைத்தாராம். அக்காவும் கையசைத்தாராம். வேறென்ன செய்வது.

அடுத்த வருடம் அக்காவுக்குப் புத்தி தெளிந்தது. தனக்குத் தெரிந்த தொழிலை வைத்துக்கொண்டு ஏன் ஊராரிடம் யோசனை கேட்டேன் என்று தன்னையே ஏசிக்கொண்டார். பறப்பதும் வெளிக்கிடுத்துகிற விஷயம்தான் என்று பிடிபட்டதிலிருந்து அவரை ஒருவராலும் அசைக்க முடியவில்லை. உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி. அதற்கு மேல் தடித்தது ஒன்று. அதற்கு மேல், மோட்டரிலிருந்து வயர் இழுத்துச் சூடாக்குகிற கையில்லாச் சட்டை. பிறகு இறகுச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத முழு அங்கி. ஒவ்வொன்றும் மற்றதை இறுக்கக்கூடாது. "இறுக்கினால் இரத்தம் ஓடாது. இரத்தம் ஓடாட்டில் என்னத்தைப் போட்டும் பிரயோசனமில்லை." சப்பாத்துக்கூட ஒரு அளவு பெரிதாகத்தான் இருக்கவேண்டும். கைக்கு மெல்லிய கையுறை, அதற்கு மேல் விரல்கள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கிற பெரிய கம்பளிக் கையுறை, இரண்டுக்கும் நடுவே ஒரு வெப்பப் பொதி. கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் தடவித் தடவிப் பார்ப்பார். "காத்துக்கு ஒரு ஓட்டை காணும்," என்பது அவருடைய மந்திரம்.

அதிலும் வீட்டில் வெளிக்கிடமாட்டார். வயலுக்குப் போய், அந்தச் சோளக்கார வெள்ளைக்காரரின் குளிர்ந்த கொட்டிலுக்குள் நின்றுதான் உடுப்பார். வீட்டுச் சூட்டில் உடுத்தினால் வேர்க்கும், அந்த வேர்வை மேலே போய் ஐஸாகும் என்பது கணக்கு.

இந்த வித்தை தொழிலுக்குள்ளும் வந்துவிட்டது. தை மாதக் கல்யாணம் ஒன்றில், பனிக்குள் நின்று படம் எடுக்கவேண்டும் என்று பொம்பிளை ஒற்றைக்காலில் நின்றது. யூனியன்வில் குளத்தடியில், கூறையோடு. அக்கா தோல் நிறத்துக் கம்பளியைக் கூறைக்குள் போட்டு, கொய்யகத்து மடிப்புக்குள் இரண்டு வெப்பப் பொதியையும் வைத்துவிட்டார். மாப்பிள்ளையையும் வெளிக்கிடுத்தவா என்று கேட்டதற்கு மாப்பிள்ளையின் தாய், தங்கள் பிள்ளைக்கு உதெல்லாம் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். அல்பத்தைப் பார்த்தால் பொம்பிளை சித்திரை வெய்யிலில் நிற்கிற மாதிரிச் சிரிக்கிறது. மாப்பிள்ளைக்குப் பல் கிட்டியிருக்கிறது.

முன்பின் தெரியாதவர்களைக்கூட அவர் விடமாட்டார். கோயில் கார் நிறுத்துமிடத்தில் சட்டையைத் திறந்துவிட்டுக்கொண்டு திரிகிற இளந்தாரிகளை மறித்துச் சிப்பை இழுத்து மூடுவார். "ஐ ஆம் ஃபைன் அன்ரி" என்று அவர்கள் நெளிவார்கள். "ஃபைன் எண்டு காது சொல்லேல்லை, உம்மடை வாய்தான் சொல்லுது," என்று கழுத்துவரை மூடிவிட்டுத்தான் விடுவார். எனக்கு அவரில் சிலவேளை எரிச்சலும் வரும். யாரைப் பார்த்தாலும் எங்கே ஓட்டை என்று தேடுகிற கண். ஆனால் அந்தக் கை பட்டபிறகு குளிராது என்பதும் உண்மை.

ஒரு மார்கழி ஞாயிறு என்னையும் ஏற்றினார். நான் வழமைபோலக் குளிரைத் திட்டிக்கொண்டிருந்தேன். "உமக்குக் குளிராலை கரைச்சலில்லை பிள்ளை, உடுப்பாலைதான் கரைச்சல்," என்றார். ரோசத்தில் ஓம் என்றுவிட்டேன்.

கொட்டிலுக்குள் என்னை நிறுத்தி அவர் வெளிக்கிடுத்தின விதத்தை நான் மறக்கமாட்டேன். என் கல்யாணத்துக்குக்கூட ஒருவரும் என்னை அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. கையைத் தூக்கும், திரும்பும், நாடியை நிமிர்த்தும். கடைசியில் இரண்டடி பின்னுக்குப் போய், இடுப்பில் கைவைத்து மேலிருந்து கீழ் பார்த்தார். என்னால் குனியவும் முடியவில்லை. அண்ணை கொட்டில் வாசலில் நின்று, "பொழுது அந்த மரங்களுக்குக் கீழை போகமுன்னம் வந்திடுங்கோ," என்றார். சொல்லிவிட்டுக் காருக்குள் போய் இருந்தார்.

பறந்தோம். நான் பின் இருக்கையில், அக்காவின் முதுகைப் பார்த்தபடி. தலைக்கவசத்துக்குள் அவருடைய குரல் வரும்.

"விரல் இருக்கோ?"

"இருக்கு அக்கா."

"ஆட்டும். கால் விரலையும். மூக்கு?"

"மூக்கும் இருக்கு."

முதல் கொஞ்ச நேரம் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். திறந்தபோது கீழே எல்லாம் வெள்ளை. வேலிகள் பென்சில் கோடாகக் கிடந்தன. தூரத்தில் ரொறன்ரோவின் கட்டடங்கள் கைக்கு அடங்குகிற மாதிரி நின்றன. காற்று முழு வேகத்தில் எங்களில் மோதியது. அது நெஞ்சில் தள்ளுவது தெரிந்தது, ஆனால் ஒரு நூல் குளிர் உள்ளே வரவில்லை. இந்த நாட்டில் முதன்முறையாக, வெளியே நின்று குளிர்காலத்தை நான் சந்தோஷமாகப் பார்த்தேன். அதை அக்காவிடம் சொல்லவும் செய்தேன். அவர் சிரித்தது தலைக்கவசத்துக்குள் சூடாகக் கேட்டது.

திரும்பும்போதுதான் கரைச்சல். போகும்போது முதுகில் தள்ளிய காற்று இப்போது எதிரே நின்றது. கீழே பாதையில் போன ஒரு லொறி எங்களை முந்திக்கொண்டு போனது. "பாத்தீரே, லொறிக்காரன் வெட்டிப்போட்டுப் போறான்," என்று அக்கா பகிடி விட்டார். கொஞ்ச நேரத்தில் பகிடி நின்றுவிட்டது. பொழுது மரங்களைத் தொடப்போனது.

"பயமோ அக்கா?"

"எனக்கென்ன பயம். பெற்றோல் கிடக்கு, பாதை தெரியுது. இவர்தான் பாத்துக்கொண்டிருக்கப்போறார்."

"ஃபோன் எடுத்துச் சொல்லவோ? என்ரை பொக்கற்றிலை இருக்கு."

"கையுறையைக் கழட்டாதையும்." குரல் கண்டிப்பாக வந்தது. "கழட்டினால் விரல் வெளுக்கும். வெளுத்தால் எல்லாம் முடிஞ்சுது."

ஆக, விமானத்தைக் காப்பாற்றுவதற்காக அண்ணைக்கு ஒரு சொல் சொல்லாமல் வந்தோம். ஒருவழியாக வயல் தெரிந்தபோது பொழுது மரங்களுக்குக் கீழே போய்விட்டது. கார் நின்ற இடத்தில் நின்றது, விளக்குப் போட்டபடி. அதன் கதவு திறந்து கிடந்தது. வயலின் நடுவே, முழங்கால் பனிக்குள், ஒரு கறுப்புப் புள்ளி அசையாமல் நின்றது. நாங்கள் தாழ இறங்கினதும் அந்தப் புள்ளி அவசர அவசரமாக ஓடிக் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டது. நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

நாங்கள் காருக்குள் ஏறியபோது அண்ணை, தான் இவ்வளவு நேரமும் வானொலி கேட்டுக்கொண்டிருந்தவர் மாதிரி இருந்தார். நான் பின் சீற்றில். அக்கா வழமைபோலக் கையுறையைக் கழற்றிக் கைகளை நீட்டினார். அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல்களைப் பார்க்கத் தொடங்கினார். பத்தும் சிவப்பாக, சுகமாக இருந்தன.

"சரி," என்றார் அண்ணை.

அக்கா கையை எடுக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல அவருடைய கம்பளித் தொப்பியைப் பிடித்து மேலே தூக்கினார். வலது காதின் மேல் விளிம்பு முழுக்க மெழுகாக வெளுத்திருந்தது.

"இதென்னப்பா?"

"என்ன?"

"காது. நோகேல்லையோ?"

"ஒண்டும் தெரியேல்லை," என்றார் அண்ணை. நோவு தெரியாததுதான் கூடாத அடையாளம் என்று அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"தொப்பி போட்டிருந்தனீங்கள்தானே. பிறகு எப்பிடிக் காது வெளுக்கும்?"

அண்ணை ஸ்ரியரிங்கைப் பார்த்தபடி இருந்தார். "தொப்பியை இழுத்துவிட்டால் சத்தம் கேக்காது. காருக்குள்ளை இருந்தாலும் கேக்காது. உம்மடை மோட்டர்ச் சத்தம் கேக்குதோ எண்டு ஒவ்வொருமுறையும் தூக்கிவிட்டுக்கொண்டு நிக்கிறனான். இண்டைக்குக் கனநேரம் நிண்டிட்டன்."

அக்கா தன் சூடான உள்ளங்கையை அந்தக் காதில் பொத்திவைத்தார். உரசவில்லை, சும்மா வைத்திருந்தார். ஊரிலுள்ளவர்களை எல்லாம் கழுத்துவரை மூடிவிட்டவர், மூன்று மார்கழியாகத் தன் மனிதர் வெளியே இறங்கி நின்றதை அறியாமல் இருந்திருக்கிறார். அவர் அழுதார். சத்தமில்லாமல், துடைக்காமல்.

"விப்பம்," என்றார் அக்கா.

"என்னத்தை?"

"உதை. வெளுத்தால் விக்கிறதெண்டுதானே சொன்னது. ஆற்ரை உடம்பு எண்டு பிள்ளையாருக்கு நாங்கள் சொல்லேல்லை. நாளைக்கே அந்த வெள்ளைக்காரரிட்டைச் சொல்லுறன்."

அவர் சும்மா சொல்லவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தால் விமானம் ஏற்கெனவே போய்விட்டது. அண்ணை வாசிக்கிற கண்ணாடியைக் கழற்றி மடித்துவைத்தார். அவர் ஓம் என்றால் அந்த ஒரு சொல்லில் முடிந்துவிடும். மூன்று வருடமாக அவர் சொல்லக் காத்திருந்த சொல் அதுதான்.

"விக்கவேண்டாம்," என்றார் அண்ணை.

"பிள்ளையாருக்கு என்னெண்டு சொல்லுறது?"

"பிள்ளையாரோடை நான் கதைக்கிறன். கேட்டது நான்தானே. இனி இந்தக் காதை வைச்சுக்கொண்டு கீழை நிக்க என்னாலை ஏலாது. காது மாறட்டும். அடுத்தமுறை என்னையும் ஏத்தும்."

அவருடைய காது கொப்பளித்து, தோல் உரிந்து, கடைசியில் பழுதில்லாமல் வந்தது. அது மாற மார்கழி முடிந்துவிட்டது. அடுத்த கிழமைகளில் கல்யாணங்கள். ஆனாலும் தைப்பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு, ஒரு பொம்பிளை வீட்டுக்கு வரமாட்டேன் என்று அக்கா வாழ்க்கையில் முதன்முறையாகச் சொல்லிவிட்டார். நானும் கூடப் போனேன். கொட்டிலுக்குள் அண்ணையை வெளிக்கிடுத்தி முடிக்க நேரம் எடுத்தது. கூச்சத்தில் மனிதர் நெளிந்துகொண்டே இருந்தார். காதுக்கு மட்டும் மூன்று மடிப்பு. பின் இருக்கையில் ஏறியபோது அவருடைய முகம் செத்துப்போயிருந்தது. அக்காவின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கையை எடுங்கோப்பா, நான் ஓட்டவேணும்," என்றார் அக்கா. எடுக்கவில்லை. அப்படியே போனார்கள்.

இப்போது அவர்கள் மகளோடு இருக்க மேற்கே போய்விட்டார்கள். அங்கே இன்னும் குளிர் என்று கேள்வி. அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர்கள் இரண்டுபேரும் பறந்த அந்த ஞாயிறுதான்.

நான் காருக்குள் இருந்தேன். ஹீற்றர் நன்றாக ஓடியது, வானொலியில் பாட்டுப் போனது. வெளியே இறங்க எனக்கு ஒரு தேவையுமில்லை; குளிருக்கும் எனக்கும் உள்ள பகை உங்களுக்குத் தெரியும். மோட்டர்ச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. பிறகு இல்லாமல் போனது. நான் வானொலியை நிறுத்தினேன். ஹீற்றரை நிறுத்தினேன். அப்போதும் கேட்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, பனிக்குள் நடந்துபோய், தொப்பியைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு நின்றேன்.